கட்டை விரலைக் காப்போம்!



வேலை முடிந்து வந்து சிறிது நேரம் வீடியோ கேம் ஆடுவதில் தவறில்லை. ஆனால் சண்டை விளையாட்டுகளில் கட்டை விரலுக்குத்தான் வேலை அதிகம். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டில் நெருப்புப் பந்து எறிய, இடது கட்டை விரலைக் கீழிருந்து முன்பக்கம் உருட்டி அழுத்த வேண்டும். இதையே நூறு தடவை செய்தால் தோல் உரசிக் கொப்புளம் போடும். விரலை அசைக்கும் தசைநாண் மணிக்கட்டருகே வீங்கி வலிக்கும். இத்தகைய வலி பற்றி 1990-இலேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள்.

"பலமா அமுக்கினாத்தானே அடி பலமா விழும்?" என்பார்கள் சிலர். அப்படியல்ல. பொத்தானை லேசாக அழுத்தினாலும் அதே அடிதான் விழும்!

செய்ய வேண்டியவை:

1. லேசாக அழுத்துங்கள். கருவியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். மணிக்கட்டு நேராக இருக்கட்டும்.

2. அரை மணிக்கு ஒரு தடவை கைக்கு ஓய்வு கொடுங்கள்.

3. வலித்தால் உடனே நிறுத்துங்கள். குளிர்ந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். கொப்புளத்தைக் குத்தாதீர்கள்.

கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்க்கும் இதே இடத்தில் வலி வருவதுண்டு. அப்போது குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டியவர் தகப்பன். அவர் விரலும் வீங்கியிருந்தால் பிள்ளையை யார் தூக்குவது?

ஓய்வு கொடுத்தும் வலி தீராவிட்டால், விரல் மரத்துப்போனால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் காட்டுங்கள்.

விளையாட்டு கொஞ்ச நேரம். விரல் ஆயுள் முழுக்க!