சுருங்கைக்குள் செல்லும் கண்

வங்கக் கடலின் நடுவே அமைந்த அந்தமான் தீவுகளில் ஆண்டின் பெரும்பகுதி மழைக்கு உரியது. மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து சேர்ந்துவிடும். ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 3,000 மி.மீ. ஆகும். இது சென்னை பெறும் மழையைப் போல இரு மடங்கு. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயர் நகரம் மேடும் பள்ளமுமானது. அந்நகரின் ஒரு பகுதியே டெய்ரி ஃபார்ம். தமிழில் சொன்னால் பால்பண்ணை.

அங்கே ஒரு வீடு இருப்பதாக எண்ணிக்கொள்வோம். வீட்டின் பின்புறம் இரண்டு தென்னை மரங்கள். அவற்றுக்கு அப்பால் கழிவுத் தொட்டி. செப்டிக் டேங்க் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். மழை வலுத்த ஒரு வாரத்தில் கழிப்பறையில் ஊற்றிய நீர் இறங்காமல் நிற்கிறது. பின்னர் மெல்ல மெல்ல இறங்குகிறது. குளியலறையின் தரைத்துளையிலிருந்து கெட்ட வாடை எழுகிறது. தொட்டி நிரம்பிவிட்டது என்கிறார் அண்டை வீட்டார். குழாயில் துணி அடைத்திருக்கும் என்கிறார் குழாய்ப் பணியாளர். தென்னை வேர் புகுந்திருக்கும் என்கிறார் பாட்டி. மூவர் கூற்றும் பொருந்தக் கூடியவையே. ஆனால் மூன்றுக்கும் மருத்துவம் வேறு வேறு. தொட்டியை வெறுமையாக்க ஒரு செலவு, தரையை உடைத்துக் குழாயை மாற்ற மற்றொரு செலவு. எதை முதலில் செய்வது?

கழிவுநீர் எவ்வாறு ஓடுகிறது என்பதை அறிந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். குடிநீர்க் குழாயில் நீர் அழுத்தத்தால் ஓடுகிறது. கழிவுநீர்க் குழாயில் அது சாய்வினால் மட்டுமே ஓடுகிறது. பத்து செ.மீ. அகலமுள்ள வீட்டுக் குழாயை நாற்பதுக்கு ஒன்று என்னும் சாய்வில் பதிப்பது பொதுவான வழக்கம். அதாவது, ஒவ்வொரு மீட்டருக்கும் இரண்டரை செ.மீ. இறக்கம். கழிப்பறையிலிருந்து தொட்டி 12 மீட்டர் தொலைவில் இருந்தால், குழாயின் மறுமுனை 30 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். நீர் விநாடிக்கு 0.6 மீட்டர் அளவிலாவது விரைந்தால்தான் திடப்பொருள் தங்காமல் செல்லும். குழாயின் அடியிலுள்ள மண் ஓரிடத்தில் மட்டும் அமுங்கினால் குழாய் அங்கே தொட்டில்போல் தொய்ந்துவிடும். தொய்வில் நீர் தேங்கும்; தேங்கிய இடத்தில் கசடு படியும்.

மண் அமுங்குவது இத்தீவினர் அறியாததன்று. 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவு தாழ்ந்தது. சிப்பிகாட் பகுதியின் வயல்களில் கடல்நீர் புகுந்து நிலையாகத் தங்கிற்று. நிலம் முழுவதும் ஒருசேரத் தாழ்ந்தால் குழாயின் சாய்வு மாறாது; ஓரிடம் மிகுதியாகவும் ஓரிடம் குறைவாகவும் தாழ்ந்தால் மாறும். நிலநடுக்கம் வேண்டுவதில்லை, சரிவான மனையில் மண் நிரப்பிக் கட்டிய வீட்டுக்கு நாலைந்து பெருமழையே போதும்.

இனி ஆய்வுக்கு வருவோம். வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையே சிறு மூடியிட்ட ஆய்வுப் பெட்டிகள் இருக்கும். பணியாளர்கள் இவற்றைச் சேம்பர் என்பர். வீட்டை ஒட்டிய பெட்டியில் நீர் நிரம்பி நின்று, அடுத்த பெட்டி வறண்டிருந்தால், அடைப்பு அவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது. எல்லாப் பெட்டிகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நின்றால், குறை தொட்டியிலோ அதற்கு அப்பாலோ உள்ளது. மழையால் நிலத்தடி நீர் உயர்ந்து, தொட்டி நீரை மண் ஏற்க மறுக்கிறது எனவும் கொள்ளலாம். இவ்வளவையும் காசு செலவின்றிக் கண்டறிய இயலும் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

அடைப்பு எவ்விடைவெளியில் என்று தெரிந்தபின், அது எத்தகையது என்று காட்டுவதே கேமராவின் வேலை. மருத்துவர் நோயாளியின் வயிற்றுக்குள் அகநோக்கியைச் செலுத்துவதை ஒத்தது இது. கண்ணாடி இழையாலான, வளைந்தாலும் மடங்காத நீண்ட தண்டு ஒரு சக்கரத்தில் சுற்றப்பட்டிருக்கும். அதன் முனையில் நீர் புகாத சிறு கேமரா. அதைச் சுற்றி ஒளி உமிழும் சிறு விளக்குகள். தண்டைக் கையால் தள்ளத் தள்ளக் கேமரா குழாய்க்குள் முன்னேறும். மேலே உள்ள திரையில் காட்சி தெரியும். எத்தனை மீட்டர் உள்ளே சென்றுள்ளது என்பதையும் திரை காட்டும். இம்முறை ஐரோப்பிய நகரங்களில் 1960களிலேயே வழக்கிலிருந்தது. அன்றைய கருவியோ பெரிய குழாய்களுக்கு மட்டுமே ஏற்றது. இன்றைய கேமராவின் தலை கட்டைவிரல் பருமனே.

திரையில் தெரிவதைப் படித்தறிதல் தனிக்கலை. குழாயின் இணைப்பிலிருந்து மெல்லிய மயிர்க்கற்றைபோல் தொங்குவது வேர். வட்டமாகத் தெரிய வேண்டிய வாய் பிறைபோல் தெரிந்தால், இரு குழாய்களின் இணைப்பு விலகியுள்ளது. கேமரா திடீரென நீரில் மூழ்கி, சிறிது தொலைவு சென்று மீண்டும் வெளிவந்தால், இடையிலே குழாய் தொய்ந்துள்ளது. சமையலறைக் குழாயின் சுவரில் வெண்மையாகப் படிந்திருப்பது எண்ணெய்க் கொழுப்பு. நம் எடுத்துக்காட்டு வீட்டில் 7 மீட்டரில் வேரும், 9 மீட்டரில் தொய்வும் தெரிவதாகக் கொள்வோம். பாட்டி சொன்னது பாதி சரி. வேரை வெட்டினால் நீர் இறங்கும். ஆனால் தொய்வைச் சீர்செய்யாவிடில் அடுத்த மழையில் மீண்டும் தேங்கும். கேமராத் தலையில் உள்ள சிறு அலைபரப்பி விடுக்கும் குறியை மேலே ஒரு வாங்கியால் பின்தொடர்ந்து, தரையில் சுண்ணக்கட்டியால் அடையாளமிடுவர். பன்னிரண்டு மீட்டருக்கும் பள்ளம் தோண்ட வேண்டியதில்லை. இரண்டு மீட்டர் தோண்டினால் போதும்.

கருவிக்கு எல்லைகளும் உண்டு. கலங்கிய நீருக்குள் அது எதையும் காணாது. ஆகவே முதலில் நீரை வடித்து, குழாயை ஓரளவு கழுவ வேண்டும். குழாயின் வெளிப்புறத்தில் மண் அரித்துப் போனதை அது அறியாது. அது அடைப்பை நீக்குவதும் இல்லை. எந்தப் பெட்டியும் திறவாமல், எந்த வினாவும் கேளாமல் நேராகக் கேமராவை எடுத்து வருபவரிடம் சற்று எச்சரிக்கையாக இருத்தல் நன்று.

குழாய்க்குள் கேமரா செல்கிறது. தொட்டிக்குள்ளும் சாலையடிச் சாக்கடைக்குள்ளும் நெடுங்காலம் சென்றவர்கள் மனிதர்கள். அடைபட்ட கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் ஆகிய வளிகள் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை வாடை உடையது. ஆனால் அளவு மிகுந்தால் அது மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். வாடை இல்லை என்று நம்பி இறங்குபவர் சில மூச்சுகளில் மயங்குவார். அவரை மீட்க இறங்குபவரும் வீழ்வார். 2015இல் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழியில் சிக்கிய தொழிலாளர் இருவரைக் காப்பாற்ற, வழியில் சென்ற ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் உள்ளே இறங்கினார். மூவரும் இறந்தனர். இத்துயரம் கேரளத்துப் பொறியியல் இளைஞர் சிலரை உலுக்கியது. அவர்கள் உருவாக்கிய ‘பேண்டிகூட்’ என்னும் இயந்திரம் 2018இல் திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது. தமிழ்நாட்டில் கும்பகோணம் நகராட்சி அதனை முதலில் பெற்றது. பேண்டிகூட் என்றால் பெருச்சாளி. கேமராவின் கண்கொண்டு பார்த்து, இயந்திரக் கையால் கசட்டை அள்ளும் அதனை, மேலே நிற்கும் ஒருவர் இயக்குவார்.

தக்க பாதுகாப்பின்றி ஒருவரைக் கழிவுத் தொட்டியிலோ சாக்கடையிலோ இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கச் செய்தவர் வீட்டு உரிமையாளராயினும் குற்றமே. சாக்கடையில் உயிரிழந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என உச்சநீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. உயர்த்த வேண்டிய நிலை வந்ததே, சாவுகள் நிற்கவில்லை என்பதைக் காட்டுகிறது. ‘ஆள்நுழைவுக் குழி’ என்ற சொல்லுக்கு மாற்றாக இப்போது ‘இயந்திர நுழைவாயில்’ என்னும் சொல் வழங்கத் தொடங்கியுள்ளது.

சொல் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. தீவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் ‘நாலி’ என்ற இந்திச் சொல்லைத் தெருவில் கேட்டிருப்பர். மண்ணுக்கடியில் மூடிச் செல்லும் நீர்வழிக்குப் பழந்தமிழில் ‘சுருங்கை’ என்று பெயர். வஞ்சி நகர மகளிர் கூந்தல் கழுவிய மணநீர், சுருங்கைத் தூம்பின் வழியே அகழியில் கலந்ததை மணிமேகலைக் காப்பியம் பேசுகிறது. கீழடி அகழாய்விலோ ஒன்றோடொன்று பொருத்தப்பட்ட சுடுமண் குழாய்கள் கிடைத்துள்ளன. அவற்றில் அடைப்பு ஏற்பட்டபோது யார் நீக்கினார் என்பதைக் காப்பியமும் சொல்லவில்லை, குழாயும் சொல்லவில்லை.

அருஞ்சொற்பொருள்

சுருங்கை – நிலத்தடி நீர்வழி. தூம்பு – நீர் செல்லும் குழாய். அகநோக்கி – உடலின் உட்பகுதியைக் காட்டும் கருவி. கசடு – அடியில் படியும் அழுக்கு. வளி – காற்று, வாயு.

பயிற்சி

1. வீட்டை ஒட்டிய ஆய்வுப் பெட்டி நிரம்பியும் அடுத்தது வறண்டும் இருப்பின், அடைப்பு எங்கே உள்ளது? காரணம் தருக.

2. ஒரு வீட்டின் கழிப்பறைக்கும் தொட்டிக்கும் இடைத்தொலைவு 16 மீட்டர். நாற்பதுக்கு ஒன்று சாய்வில் குழாயின் இறக்கம் எவ்வளவு?

3. ‘வாடை இல்லை; ஆகவே இறங்கலாம்’ என்று ஒருவர் கூறினால், அவருக்கு நீவிர் கூறும் மறுமொழியை ஐந்து வரிகளில் எழுதுக.

4. உம் வீட்டுக் கழிவுநீர் எவ்வழியே சென்று எங்கே சேர்கிறது என்பதைப் பெற்றோரிடம் கேட்டறிந்து படம் வரைக. மூடிகளைத் திறக்க வேண்டா. படத்தின் பகுதிகளுக்குத் தமிழ்ப் பெயர் எழுதுக.