ஹைபாத்திகேட்: ஒரு வினைச்சொல்லும் உங்கள் வாகனமும்

பழகாத சொல் நாவில் திரிவது இயல்பு. நம் கட்கியே அதற்குச் சான்று. பாறையைக் குறிக்கும் ‘கடக்’ என்னும் மராத்திச் சொல்லோடு தொடர்புடைய இவ்வூர்ப் பெயரை ஆங்கிலேயர் ‘கிர்கி’ என்று ஒலித்தனர். 1817 நவம்பர் 5 அன்று பேஷ்வாவின் படைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கும் இங்கு நிகழ்ந்த போரும் ‘கிர்கிப் போர்’ என்றே ஆங்கில நூல்களில் இடம்பெற்றது. ஊர்ப்பெயர் திரிவதால் எவருக்கும் பொருள் இழப்பு இல்லை. கடன் பத்திரத்தில் உள்ள ஒரு சொல்லைத் தவறாக உணர்ந்தால் இழப்பு நேரக்கூடும். அத்தகைய சொல் ஒன்றை இங்குக் காண்போம்.

வங்கிக் கடனில் வாங்கிய வாகனத்தின் பதிவுச் சான்றில் அச்சொல் இருக்கும். ‘ஹைப்போ’ என்று தொடங்கி எஞ்சிய பகுதியை விழுங்கிவிடுவோர் பலர், ‘எச்.பி.’ என்று சுருக்கிவிடுவோரும் உளர். ‘ஹை–பாத்–தி–கேட்’ என நான்கு அசைகளாகப் பிரித்து ஒலிப்பதே முறை. அழுத்தம் இரண்டாம் அசையான ‘பாத்’ மீது விழ வேண்டும். அதன் உயிரொலியைக் குறுக்கி ஒலிக்க வேண்டும். ‘தி’ என்பது ‘கதை’யில் வரும் மெல்லிய ஒலி அன்று, ‘தேங்க்ஸ்’ என்னும் சொல்லின் முதலொலி போல, நாநுனி மேற்பல்லைத் தொட்டும் தொடாமலும் இருக்கக் காற்று கசிந்து வரவேண்டும். பள்ளியில் பயின்ற ‘ஹைபாத்தஸிஸ்’ என்னும் சொல்லை நினைவிற்கொண்டால் அழுத்தம் எளிதில் அமையும். பெயர்ச்சொல்லாகி ‘ஹைபாத்திகேஷன்’ என வரும்போது முதன்மை அழுத்தம் ‘கே’ என்னும் அசைக்கு மாறும்.

இவ்விரு சொற்களும் ஒரே கிரேக்க வேரிலிருந்து பிறந்தவை. ‘கீழே வைத்தல்’ என்பது அவ்வேரின் பொருள். வாதத்திற்கு அடியில் வைக்கும் கருதுகோள் ‘ஹைபாத்தஸிஸ்’ ஆயிற்று. கடனுக்கு அடியில் பொருளை ஈடாக வைக்கும் செயல் ‘ஹைபாத்திகேட்’ ஆயிற்று.

தமிழில் இதனை ‘அடகு வைத்தல்’ என்று கூறிவிடலாமா? கூடாது. அடகில் நகை கடன் கொடுத்தவரின் பெட்டகத்திற்குச் சென்றுவிடும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதனைக் குறிப்பிடுகிறது. வீடு, நிலம் முதலிய அசையாச் சொத்துகளை ஈடாக வைப்பது அடமானம்; அது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்திற்கு உட்பட்டது. ஹைபாத்திகேஷன் இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அசையும் பொருள் ஒன்று கடன் பெற்றவரின் கையிலேயே இருக்க, அதன்மீது வங்கிக்கு ஈட்டுரிமை ஏற்படுகிறது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் இதற்கு இலக்கணம் வகுக்கையில், இன்று இருக்கும் பொருளோடு இனி வரப்போகும் பொருளையும் சேர்த்தே கூறுகிறது. ஆகவேதான் மளிகைக் கடைக்காரர் ஒருவர் தம் சரக்கை ஈடாகக் காட்டிக் கடன் பெறவும், அச்சரக்கை நாள்தோறும் விற்றுப் புதுச்சரக்கை நிரப்பவும் முடிகிறது.

பொருள் கடனாளியிடமே இருப்பதால் ஒரு சிக்கல் எழுகிறது. அதன்மீது கடன் உள்ளதென்பதை அதனை வாங்க வருபவர் எவ்வாறு அறிவார்? பண்டைய ஏதென்ஸில் ஈடு வைத்த நிலத்தில் அச்செய்தியைப் பொறித்த கல்லை நட்டு வைத்தனர். அக்கல்லின் பணியையே இன்று வாகனப் பதிவுச் சான்றில் உள்ள அந்த ஒற்றை வரி செய்கிறது.

அவ்வரி ‘இன்ன வங்கிக்கு ஹைபாத்திகேட் செய்யப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையில் உள்ளது. செய்தவர் யார் என்று அது கூறுவதில்லை. இதனால், ‘வங்கி என் வண்டியை ஹைபாத்திகேட் செய்துவிட்டது’ என்று பலரும் கூறுகின்றனர். இவ்வினைக்கு எழுவாய் வங்கி அன்று. கடன் பெறும் நீங்களே. ‘நான் என் வாகனத்தை வங்கிக்கு ஹைபாத்திகேட் செய்தேன்’ என்பதே சரியான தொடர். இலக்கணத்தில் நேரும் இப்பிழைக்கு நடைமுறையில் விளைவு உண்டு. செய்தது வங்கி என்று எண்ணுபவர், கடன் தீர்ந்ததும் அப்பதிவு தானாகவே நீங்கிவிடும் என்றும் எண்ணிவிடுகிறார்.

தவணை முடிந்து சில ஆண்டுகள் கழித்து வண்டியை விற்க முற்படும்போதே பலர் அவ்வரியைக் கவனிக்கின்றனர். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 51ஆம் பிரிவின்படி, இப்பதிவு உள்ளவரை கடன் கொடுத்தவரின் எழுத்து வடிவிலான இசைவின்றி உரிமை மாற்றத்தைப் பதிவுசெய்ய இயலாது. உரிமையாளர் காலமாகிவிட்டால், பழைய கடன் தாள்களைத் தேடி அலையும் சுமை குடும்பத்தாருக்கு வந்து சேர்கிறது. கட்கியில் கடன் பெற்று, பணி ஓய்வுக்குப் பின் தமிழ்நாட்டிற்குத் திரும்பும் குடும்பத்திற்கு அந்த அலைச்சல் இரு மாநிலங்களுக்கு இடையே நிகழும்.

கடன் தீர்ந்ததும் செய்ய வேண்டியவை சிலவே. வங்கியிடமிருந்து தடையின்மைச் சான்றையும், வங்கி கையொப்பமிட்ட படிவம் 35இன் இரு படிகளையும் பெறுக. தாமும் கையொப்பமிட்டு, உரிய கட்டணத்துடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து, பதிவு நீங்கிய சான்றைப் பெறுக. பின்னர்க் காப்பீட்டு நிறுவனத்திற்கும் தெரிவித்து, பாலிசியில் உள்ள வங்கியின் பெயரை நீக்கச் செய்க. இல்லையேல் விபத்து இழப்பீடு கோரும் வேளையில் தாமதம் நேரலாம்.

வங்கிக்கும் கடமை உண்டு. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் பிறப்பித்த ஆணையின்படி, தனிநபர் கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தரவும், பதிவகங்களில் உள்ள ஈட்டுரிமையை நீக்கவும் வேண்டும். தாமதத்திற்கு வங்கியே காரணமாயின், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. ஆயினும் பதிவுச் சான்றில் உள்ள வரி நீங்கியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியவர் உரிமையாளரே.

வாகனக் கடனைத் தீர்த்துவிட்ட வாசகர்கள் இன்றே பதிவுச் சான்றை எடுத்து ஒருமுறை நோக்குக. இச்சொல் இன்னும் அதில் இருந்தால், சரியாக ஒலித்துப் பழகுக. பின்னர் அதனை நீக்கவும் ஆவன செய்க.