கித்துலின் கடைசிப் பாளை

கொழும்பிலிருந்து அற்றனுக்குச் செல்லும் பெருந்தெருவிலே, தேயிலை மலைகள் தோன்றுமுன்னர்க் கித்துல்கல என்னும் ஊர் வருகின்றது. நாம் மாணவராயிருந்த நாளில், விடுமுறைக்குத் தோட்டத்துக்குத் திரும்புங்கால், இவ்வழிக் கடைகளிற் கித்துற் கருப்பட்டி வாங்காது சென்றதில்லை. அம்மரத்தின் இயல்பை அன்று யாரும் நமக்குச் சொன்னாரல்லர், நாமும் கேட்டோமல்லோம்.

கித்துலைத் தமிழிற் கூந்தற்பனை என்பர். காட்டிலும் ஓடைக்கரையிலும் கிராமத்து வளவிலும் பெரும்பாலும் தானாகவே முளைப்பது. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 19 ஆண்டு சிறையிருந்த இறொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில் இதன் இன்சாற்றையும் சர்க்கரையையும் குறித்துள்ளார். விரியாத பாளையின் அடியில் மருந்திட்டுக் கட்டிச் சில நாள் விட்டு, பின்னர்க் காலையும் மாலையும் சீவிச் சாறெடுப்பர். ஏழெட்டுப் போத்தற் சாறு வற்றி ஒரு போத்தற் பாணியாகும். அதற்கு வேண்டிய விறகும் காட்டிலிருந்தே வருகின்றதென்பதைப் பாணியின் இனிமையில் மறந்துவிடுகின்றோம்.

யாழ்ப்பாணத்துப் பனையை அறிந்த அன்பர்கள் இங்கே ஒரு வேற்றுமையைக் கருதவேண்டும். பனை ஆண்டுதோறும் பாளை ஈன்று நூறாண்டு வாழவல்லது. கித்துலோ பத்துப் பதினைந்தாண்டு வளர்ந்தபின் உச்சியில் முதற்பாளையை விட்டு, ஆண்டுகள் சிலவாகக் கீழ்நோக்கி ஒவ்வொன்றாக விட்டு, கடைசிக் குலை பழுத்ததும் பட்டுப்போகும். பக்கக் கன்றும் வெடிப்பதில்லை. எல்லாப் பாளைகளையும் சீவினால் அம்மரம் வித்தின்றியே மாயும். இரண்டொன்றைத் தீண்டாது விட்டால், மரநாய்கள் பழத்தை உண்டு வித்தைப் பரப்பும். (அப்பழம் நம் கையிற் பட்டால் எரியும், மரத்தின் இலத்தீன் பெயரிலுள்ள ‘யூரென்ஸ்’ என்பதற்கும் எரிப்பது என்பதே பொருள்.) பனைபோல ஆண் பெண் என மர வேறுபாடில்லை, எதுவும் காய்க்கும்.

இதனினும் கொடிது மாவுக்காக வெட்டுதல். தண்டின் சோற்றிலுள்ள மா பாளை விடவிடக் குறையுமாதலின், வெட்டுவோர் பூவாத மரத்தையே நாடுவர். ஒரு துளி சாறோ ஒரு வித்தோ தராமலே அது வீழும். ஈரக் காடுகளின் மரமஞ்சளுக்கும் இக்கதியே. கொடியின் தண்டே அங்கே மருந்து.

பாளையை விடுக என்று நாம் எளிதில் எழுதிவிடுகின்றோம். விடப்படும் பாளை சீவுவோனுக்குப் பல வாரக் கூலி. அதன் பயனோ பதினைந்தாண்டு கழித்து, உடையவரில்லாத காட்டிலே, வேறொருவனுக்குச் சேரும். ஆதலாற் காட்டு மரத்துப் பாணிக்குக் கூடிய விலை கொடுக்க வாங்குவோர் இசையவேண்டும். வளவிற் கன்று நடுவோருக்கு இச்சிக்கல் குறைவு. ஆயினும் வித்து முளைக்கவே மாதங்கள் செல்லும்.