முதல் வழக்குரை எழுதும் மருமகளுக்கு

கம்மாபுரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய வழக்குரை வரைவை நேற்று ராத்திரி படித்தேன், காலையில் எழுந்து மறுபடியும் படித்தேன். தமிழ் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அம்மா என்னிடம் வந்து சொன்ன வழக்கை இதில் தேடவேண்டியிருக்கிறது. சீனியர் அலமாரியில் இருக்கும் பழைய கட்டு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றியிருக்கிறாய் என்று தெரிகிறது. எல்லா ஜூனியரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். நீ அந்தப் பழக்கத்தில் ஒரு வருஷம்கூட இருக்க வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதம்.

"தாவாச் சொத்து வாதிக்குப் பாத்தியமாகி, நாளது வரை வாதியின் சுவாதீன அனுபோகத்தில் இருந்து வருகிறது" என்று இரண்டாம் பத்தியில் எழுதியிருக்கிறாய். எப்படிப் பாத்தியமானது? கணவர் உயிரோடு இருந்தபோது அண்ணனும் தம்பியும் வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள், வடக்குப் பக்கம் இவர்களுக்கு வந்தது, கணவர் இறந்த பிறகு அந்த அம்மாதான் பயிர் வைக்கிறார். வழக்கின் உயிரே இதுதான். எந்த ஆண்டு பிரித்தார்கள், யார் யார் இருந்தார்கள், யாருக்கு எந்தப் பக்கம், எவ்வளவு சென்ட் என்று ஒரு வரிகூட உன் வரைவில் இல்லை. நாளைக்குச் சாட்சிக் கூண்டில் ஏறி அந்த அம்மா இதையெல்லாம் சொன்னால், "வழக்குரையில் இல்லாததைச் சாட்சியத்தில் சொல்கிறார்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். அவர் சொல்வது சட்டப்படி சரியாகவும் இருக்கும்.

அனதுல சுதாகர் எதிர் புச்சி ரெட்டி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை முழுக்கப் படி. வாரங்கல் பக்கத்து மனை வழக்கு. வாதிகள் வெறும் உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டார்கள். அவர்களுக்கு விற்ற பெண்மணிக்கு அவருடைய சகோதரர் அந்த மனையை வாய்மொழியாகத் தானம் கொடுத்தார் என்பதுதான் அவர்கள் உரிமைக்கு ஆதாரம். ஆனால் அந்தத் தானம் வழக்குரையில் சொல்லப்படவில்லை. சொல்லாத ஒன்றை வைத்து உரிமையைத் தீர்மானிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் முடித்தது. அங்கே வாய்மொழித் தானம், நம்முடையது வாய்மொழிப் பாகம். அதே பள்ளத்தில் நம் வழக்கு விழக்கூடாது.

இன்னொன்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. உரிமையின் மேல் உண்மையிலேயே சந்தேக நிழல் விழுந்திருந்தால் வெறும் உறுத்துக்கட்டளை போதாது, உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்த அம்மாவின் மச்சினர் பதில் நோட்டீசில் பாகமே நடக்கவில்லை என்று எழுதிவிட்டார். பட்டாவோ கூட்டுப் பட்டா. இந்த நிலையில் நீ விளம்புகை கேட்காமல் விட்டதற்குக் காரணம் நீதிமன்றக் கட்டணமாக இருக்கும். விளம்புகையும் உறுத்துக்கட்டளையும் சேர்ந்தால் நிலத்தின் சந்தை மதிப்பில் பாதிக்குக் கட்டணம் கணக்கிட வேண்டும், தெரியும். ஏழைக் கட்சிக்காரருக்கு அது பாரம்தான். அதை அந்த அம்மாவிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல். இன்றைக்கு மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டு, பல வருஷம் கழித்து "நீங்கள் கேட்ட பரிகாரம் தவறு" என்ற தீர்ப்பை வாங்கிக் கொடுப்பது உதவி இல்லை. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றும் நினைக்காதே. 2002 திருத்தத்துக்குப் பிறகு, விசாரணை தொடங்கிவிட்டால், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே சொல்ல முடியவில்லை என்று காட்டினால்தான் வழக்குரையைத் திருத்த விடுவார்கள்.

வழக்கு மூலப் பத்தியில் "பல்வேறு தேதிகளிலும் அதன் பின்னர் தொடர்ச்சியாகவும்" என்று எழுதியிருப்பதை அடித்துவிடு. விளம்புகைக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. உரிமையை முதலில் மறுத்த நாளிலிருந்து அது ஓடும். அந்தப் பதில் நோட்டீசின் தேதி அங்கே நிற்க வேண்டும். மச்சினர் வரப்பை வெட்டிய நாளும் நிற்க வேண்டும்.

வேண்டாத ஒன்றையும் சேர்த்திருக்கிறாய். கிஸ்து ரசீது, அடங்கல், பக்கத்து நிலத்துக்காரர் சொன்னது என்று மூன்று பத்தி. உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆறாம் கட்டளை இரண்டாம் விதி கேட்பது முக்கியச் சங்கதிகளை மட்டும்தான், அவற்றை மெய்ப்பிக்கும் சாட்சியத்தை அல்ல. ரசீதுகளை ஆவணப் பட்டியலில் வை. எதிர்வழக்குரை எழுதும் நாள் வந்தால் இதே சட்டத்தின் எட்டாம் கட்டளையைப் பார். குறிப்பாக மறுக்காத சங்கதியை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

சொத்து விவரத்துக்கு வருகிறேன். நான் மிகவும் கவலைப்பட்டது இதற்குத்தான். பழைய சர்வே எண்ணை மட்டும் போட்டிருக்கிறாய். 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் (நாம் யு.டி.ஆர். என்கிறோமே, அதில்) நம் பக்கம் எத்தனையோ உட்பிரிவுகள் மாறின. தப்பான பெயரில் பட்டா ஏறியதும் உண்டு. பழைய எண், புதிய எண், உட்பிரிவு, நான்கு மால் எல்லை, விஸ்தீரணம் எல்லாம் வேண்டும். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் பேச்சு நம் வட்டாரத்தில் ஓய்வதே இல்லை. இழப்பீடு சர்வே எண் உட்பிரிவு வாரியாகத்தான் வரும். யாருக்குப் பாத்தியம் என்ற தகராறு இருந்தால் பணம் மன்றத்தில் வைப்பாகிவிடும். அப்போது இந்த வழக்கின் தீர்ப்பாணையைத்தான் அந்த அம்மா கையில் எடுத்துக்கொண்டு போவார். அதில் உட்பிரிவு தப்பாக இருந்தால் ஜெயித்த வழக்கும் அவருக்குச் சோறு போடாது.

கடைசிப் பக்கத்தில் "மேற்கண்ட சங்கதிகள் என் நேரறிவில் உண்மை" என்று அந்த அம்மா கையெழுத்துப் போட வேண்டும். நம் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்று 1976இல் ஆட்சிமொழிச் சட்டத்தில் சேர்த்தார்கள். அதன் பலன் அந்த அம்மாவுக்குக் கிடைக்க வேண்டுமானால் நீ ஒவ்வொரு பத்தியையும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். "இல்ல பாப்பா, அப்படி நடக்கலை" என்று அவர் நிறுத்தும் இடத்தில் நீயும் நிறுத்து. அந்த ஒரு வாக்கியத்துக்காக எதிர்த்தரப்பு வக்கீல் பின்னாளில் ஒரு மணிநேரம் குறுக்கு விசாரணை செய்வார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அ-பதிவேட்டு நகலையும் புலப்படத்தையும் வாங்கிக்கொண்டு இங்கே வா. வெயில் ஏறுவதற்குள் அந்த அம்மாவோடு கழனிக்குப் போய் நாலு மாலையும் பார்த்துவிடுவோம். திரும்பி வந்து சொத்து விவரத்தையும் பாகம் பிரித்த பத்தியையும் மட்டும் முதலில் எழுது. மிச்சத்தை அதற்கு அப்புறம் பார்ப்போம்.

அன்புடன்,
மாமா