பதிலடி கமாண்டோ தாக்குதல்
(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

சினிமாவில் கமாண்டோ என்றால் ஒரே ஆள் நூறு பேரைச் சுட்டுத் தள்ளுவார். நிஜத்தில் அது நேரக் கணக்கு. சிறு படை ஒன்று இருட்டில் எதிரியின் இடத்துக்குள் போய், குறித்த இலக்கை அடித்துவிட்டு, எதிரியின் பெரும்படை வருவதற்குள் வெளியேற வேண்டும். இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலையே இல்லை.

நம் நாட்டு உதாரணம் உரி. 2016 செப்டம்பர் 18 அதிகாலை, காஷ்மீரில் உள்ள உரி ராணுவ முகாமுக்குள் நான்கு பயங்கரவாதிகள் புகுந்தார்கள். ஒரு பட்டாலியன் கிளம்பி இன்னொன்று பொறுப்பேற்கும் நேரம் அது. கூடாரங்கள் தீப்பிடித்ததில்தான் பலர் இறந்தார்கள். மொத்தம் 19 வீரர்கள். செப்டம்பர் 28 இரவு நம் பாராசூட் ரெஜிமென்ட் சிறப்புப் படையினர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி, ஊடுருவக் காத்திருந்தவர்களின் இடங்களைத் தாக்கினார்கள்.

எங்க அப்பா தோல் ஷாப்புல வேலை செய்றவரு, எழுதப் படிக்கத் தெரியாது. இதைப் படிச்சுக் காட்டினப்ப, எத்தனை பேரைச் சுட்டாங்கன்னு அவர் கேட்கல. "போன பசங்க எல்லாரும் திரும்பி வந்துட்டாங்களாடா?"ன்னுதான் கேட்டாரு. எங்க தெருவுல ரெண்டு பேர் பட்டாளத்துல இருக்காங்க. நம் தரப்பில் உயிரிழப்பு இல்லை என்றுதான் அரசு சொன்னது. ஆனால் அப்பா கேட்டது சரியான இடம். போகும்போது எதிரி தூங்குகிறான், திரும்பும்போது விழித்திருக்கிறான்.

மறுநாளே ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் ரண்பீர் சிங் இதை அறிவித்தார். பாகிஸ்தான் அதிகாரியிடமும் தகவல் சொல்லியாயிற்று, மேற்கொண்டு தொடரும் திட்டம் இல்லை என்றார். அடித்தவனே ஏன் போன் போட்டுச் சொல்லணும்? இரண்டு பக்கமும் அணுகுண்டு இருக்கிறது. இத்தோடு நிற்கிறோம் என்று சொல்லாவிட்டால் அது போராக மாறிவிடும். எல்லை தாண்டல் எதுவும் நடக்கவில்லை, வெறும் துப்பாக்கிச் சூடுதான் என்றது பாகிஸ்தான். அப்படி மறுத்ததால், உடனே திருப்பி அடிக்கும் கட்டாயமும் அதற்கு இல்லாமல் போனது என்பது என் கருத்து.

இதே கணக்கு கோணலாகப் போன கதை கிப்யா. 1953 அக்டோபரில் இஸ்ரேலின் யெஹூத் ஊரில் ஒரு வீட்டுக்குள் எறிகுண்டு வீசப்பட்டு தாயும் இரண்டு பிள்ளைகளும் செத்தார்கள். அக்டோபர் 14 இரவு ஏரியல் ஷரோன் தலைமையில் இஸ்ரேல் படை, அப்போது ஜோர்டான் வசம் இருந்த கிப்யா கிராமத்துக்குள் புகுந்து வீடுகளை வெடி வைத்துத் தகர்த்தது. வீடுகள் காலி என்று நினைத்ததாகப் பின்னால் ஷரோன் சொன்னார். உள்ளே ஆட்கள் பதுங்கியிருந்தார்கள். 60-க்கும் மேற்பட்டோர் பலி, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். எறிகுண்டு வீசியவன் யார் என்பதே தெரியாத நிலையில் ஒரு ஊரே தண்டனை பெற்றது. போன படை பத்திரமாகத் திரும்பியது என்பதால் இதை வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஐ.நா. பாதுகாப்புச் சபை நவம்பரில் இஸ்ரேலைக் கண்டித்தது. அதன் பிறகு இஸ்ரேல் தன் பதிலடிகளைப் பெரும்பாலும் ராணுவ, போலீஸ் நிலையங்கள் பக்கம் திருப்பிக்கொண்டது.