கிராஸ் வெட்டில் ஒரு கோடை டாப்

கேள்வி: பாரிஸ் டிசைனர் உடைகளைப் போல ஒரு கோடை டாப்பை நானே தைக்க ஆசை. பிளவுஸ் தைக்கத் தெரியும். யாரைப் பார்த்துத் தொடங்கலாம்?

பதில்: தயங்காமல் மாதலின் வியோனேவைப் பாருங்கள். துணியை 45 டிகிரி சாய்த்து வெட்டி, டார்ட் இல்லாமலே உடலோடு இழையவிட்டவர். 1920-ஐ ஒட்டி, நான்கு சதுரத் துணிகளை முனையிலிருந்து தொங்கவிட்டே ஒரு கவுன் செய்தார். கிராஸ் கட் பிளவுஸ் தைத்திருந்தால் உங்களுக்குப் பாதி வேலை தெரியும்.

மல் காட்டன் இரண்டு மீட்டர் வாங்குங்கள். சாய்த்து வெட்டுவதால் துணி அதிகம் பிடிக்கும், கஞ்சத்தனம் வேண்டாம். முதலில் நனைத்துக் காயவையுங்கள். துணியை மடிக்காமல் ஒற்றையாக விரித்து முன், பின் பாகங்களைத் தனித்தனியே வெட்டுவது நல்லது. வெட்டியவுடன் கழுத்து ஓரத்தில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இழுபட்டு அகன்றுவிடும். பக்கத் தையலுக்கு மிகக் குறுகிய ஜிக்ஜாக் போடுங்கள். நேர்த்தையல் போட்டால், துணி இழுபடும்போது நூல் அறுந்துவிடும். கழுத்துக்கும் கைக்குழிக்கும் மிச்சத் துணியிலேயே கிராஸ் பட்டி வெட்டிக்கொள்ளலாம்.

எல்லோரும் அவசரப்படுவது கீழ் ஓரத்தில்தான். தைத்த டாப்பை ஹேங்கரில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். துணி அங்கங்கே இறங்கும், ஓரம் கோணலாகும். அதற்குப் பிறகு அணிந்துகொண்டு, தரையிலிருந்து வேறொருவரை அளக்கச் சொல்லி, சமமாக வெட்டி மடித்துத் தையுங்கள்.

வியோனே அரையளவு மர பொம்மையில்தான் வடிவங்களைச் சோதித்தார். உங்களுக்குப் பழைய வேட்டி போதும்.