மிதி மிஷினில் ஒட்டு விரிப்புத் தைக்கும் பாடம்



ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் முன்னாளில் சம்பள நாளன்று கடை விரித்தவர்கள் மிஞ்சிய பிட்டுத் துணிகளை அறிவர். மலிவாய்க் கொடுத்தாலும் தீராது. வாப்பா கொண்டுவரும் அந்தப் பிட்டுகளை உம்மா ஒட்டுப் போட்டுக் கையால் விரிப்புத் தைப்பார். ஒன்று முடிய ஒரு மாதம் ஆகும். அவர் மறைந்தபின் அவரது சிங்கர் மிஷினில் அதையே தைக்கப் புகுந்தேன். மேல்துணி ஒருபுறமும் அடித்துணி ஒருபுறமும் இழுபட்டுச் சுருங்கிப் போயிற்று.

காரணம் பிறகு விளங்கியது. மிஷினின் பல் அடித்துணியை மட்டுமே தள்ளுகிறது. மேலுள்ள கால் மேல்துணியை அமுக்கித் தடுக்கிறது. ஆகவே பல்லை விலக்கவேண்டும். சிங்கர் 15-88 வகையில் பல்லை இறக்கத் திருகு உண்டு. இன்னும் பழைய 27 வகையில் இல்லை. பல்லின்மேல் தகடு பொருத்தி மூடலாம். சாதாரணக் காலைக் கழற்றி, ஊசியோடு எழும்பித் தாழும் டார்னிங் காலை மாட்டவும். காலே இல்லாமல் தைத்தால் தடித்த துணி ஊசியோடு எழும்பித் தையல் தவறும், விரலுக்கும் ஆபத்து.

இனித் துணியை நகர்த்துவது நம் கை. தையலின் நீளத்தை மிஷின் அன்று, காலின் ஓட்டமும் கையின் ஓட்டமும் சேர்ந்தே தீர்மானிக்கும். ஆதலால் முதலில் காலுக்குப் பாடம். நூலும் துணியும் இல்லாமல் பத்து நிமிடம் மிதிக்கவும். சக்கரம் நம் பக்கமாகவே சுழலவேண்டும். பின்னோக்கிப் போனால் நூல் சிக்கும். அடுத்து ஒரு தாளில் வளைகோடு வரைந்து, நூலில்லா ஊசியால் அதன்மேல் ஓட்டவும். துளைகளைப் பாருங்கள். நெருங்கினால் கை மந்தம். விலகினால் கை அவசரம். அங்குலத்துக்கு எட்டுப் பத்துத் துளை ஒரே சீராய் விழும்வரை துணியைத் தொடவேண்டாம். எனக்கு ஒரு வாரமும், ஒரு பழைய கணக்குப் புத்தகமும் செலவாயின!

துணி வைத்தபின் கால் தூக்கும் நெம்பை இறக்க மறவாதீர். மறந்தால் மேல்நூலின் இறுக்கம் விட்டு, அடியில் நூல் கூடு கட்டிவிடும். இடையில் இலவம்பஞ்சு வேண்டாம், ஒதுங்கிவிடும். பழைய கம்பளமே மேல். மூன்றையும் இழையோட்டிப் பிடித்து, நடுவிலிருந்து வெளியே தைக்கவும். ஊசி 14 அல்லது 16.

இவ்வித்தை இந்நாட்டுக்குப் புதிதன்று. பெராணாக்கான் மாதரின் கெபாயாப் பூவேலை, வட்டச் சட்டத்தில் துணியைப் பூட்டி மிதி மிஷினில் இவ்வாறு செய்யப்பட்டதே. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ கெபாயாவை மலேசியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் மரபாகப் பதிவு செய்தது. நம் வீடுகளிலோ மிஷின் தலையைப் பழைய இரும்புக்குப் போட்டு, இரும்புச் சட்டத்தை மட்டும் மேசைக்கு வைத்துக்கொள்கிறார்கள். எடைக்காரரை அழைக்குமுன் எண்ணெய் விட்டு ஒருமுறை மிதித்துப் பாருங்கள்.

ஓரத்துக்குக் கைலிப் பிட்டு அழகாயிருக்கும். ஈரத்துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகே பூட்டவும்.